தகரக் கூரையும் வானலையும்

மலைநாட்டில் ஒரே வேளையில் ஒரு மலையின் இப்பக்கத்தில் வெயில் எறிக்க, அப்பக்கத்தில் மழை பொழிவதுண்டு. அங்கு வாழ்வோர்க்கு இஃது அதிசயம் அன்று. மலையின் குறுக்கீடு காற்றையும் மழையையும் பங்கிட்டுக் கொடுக்கிறது என்பதை அவர்கள் பரம்பரையாக அறிவர். இக்காலத்தில் இணையத்தைச் சுமந்து வரும் வானலையையும் அதே மலைதான் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா முதலிய பகுதிகளில் ஒரே தோட்டத்தின் மேற்பிரிவில் கைத்தொலைபேசி நான்கு கோடு காட்டும். கீழ்ப்பிரிவில் ஒரு கோடும் நிலைத்து நில்லாது. அம்மட்டோ? ஒரே லயத்தின் முன்வரிசைக் காம்பராவில் படம் தடையின்றி ஓடும். முதுகோடு முதுகு ஒட்டிய பின்வரிசைக் காம்பராவில் ஒரு குறுஞ்செய்தியும் போய்ச் சேராது.

இதனை ஒரு சிறு வசதிக் குறைவு என்று தள்ளிவிடும் காலம் போய்விட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் பொருட்டு நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் தொலைபேசித் திரைக்கு இடம் மாறின. கிராமங்களிலும் தோட்டங்களிலும் மாணவர் பலர் அலை தேடிக் குன்றேறினர். பாறைமீதும் மரத்தின்மீதும் அமர்ந்து பாடங் கேட்டனர். அலை கிட்டாத பிள்ளைக்கு அவ்வகுப்பு நடக்கவே இல்லை. இன்று பாடசாலைகள் வழக்கம்போல் நடைபெறுகின்றன. ஆயினும் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள், வேலைக்கான விண்ணப்பம், கொழும்பிலோ வளைகுடா நாட்டிலோ உழைக்கும் மகளின் முகம், மண்சரிவு பற்றிய எச்சரிக்கை ஆகிய யாவும் அந்த ஒரு சிறு திரையின் வழியாகவே வீட்டிற்கு வருகின்றன.

அலை குன்றினால் மக்கள் வழக்கமாகச் செய்வது யாது? சிலர் கூடிய விலையில் வேறொரு தரவுப் பொதியை வாங்குவர். சிலர் கடன்பட்டுப் புதிய தொலைபேசி வாங்குவர். சிலர் நகரத்துக் கடையில் ‘பூஸ்டர்’ என்று கேட்டு, கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வருவர். பல நாட்சம்பளம் செலவான பின்னரும் குறை அப்படியே நிற்கும். காரணம் வெளிப்படை. நோய் எங்கே என்று பாராமல் மருந்து கொடுத்தால் எவ்வாறு தீரும்? வீட்டிற்கு வரும் இணையம் மூன்று இடங்களில் நலியக்கூடும். அவற்றுள் எதுவென்று கண்டுகொள்வதே முதல் வேலை. அதற்குக் காசு வேண்டியதில்லை. அரைமணி நேரமும் சற்றுப் பொறுமையும் போதும்.

அம்மூன்று இடங்களாவன: தொலைத்தொடர்புக் கோபுரத்திலிருந்து வீடுவரை வரும் நெடும்பயணம் ஒன்று. வீட்டிலுள்ள ரௌட்டர் என்னும் இணையப் பெட்டியிலிருந்து கையிலுள்ள தொலைபேசிக்கு ‘வைபை’யாகச் செல்லும் குறும்பயணம் மற்றொன்று. மூன்றாவது, கோபுரத்தில் ஏற்படும் நெரிசல். முதலிரண்டும் அலையின் வலிமையைப் பற்றியவை. மூன்றாவதற்கும் அலையின் வலிமைக்கும் தொடர்பில்லை; ஒரே பீலியில் எல்லாரும் ஒரே வேளையில் குடம் வைத்தால் ஒவ்வொரு குடமும் மெல்ல நிறைவது போன்றது அது.

இவற்றைப் பிரித்தறியும் வழி எளிது. காலையில் ஒருமுறை, இரவு எட்டு மணியளவில் ஒருமுறை, இணையப் பெட்டியிலிருந்து ஒரு முழ தூரத்தில் நின்று தொலைபேசியில் ஒரு படத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். பெட்டியருகில் நன்றாக ஓடி, அடுக்களையில் நின்றுவிட்டால் குற்றம் வீட்டுக்குள்ளே இருக்கிறது. பெட்டியருகிலேயே இரு வேளையும் ஓடாவிடின் குற்றம் வெளியிலிருந்து வரும் அலையில் இருக்கிறது. காலையில் ஓடி இரவில் மட்டும் தடுமாறினால் அது பெரும்பாலும் நெரிசலே. இச்சோதனையைச் செய்யாமல் ஒரு சதமேனும் செலவிடுதல் வீண்.

இனி அந்த அலையின் இயல்பைச் சிறிது அறிதல் நலம். 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பில் வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. அதன்பின் மலைநாட்டு வீடுகளுக்குப் பாட்டையும் செய்தியையும் கொண்டுவந்த மத்திய அலை, ஏறத்தாழ 200 மீற்றர் முதல் 550 மீற்றர் வரை நீளமுடையது. அத்துணை நீண்ட அலை நிலத்தைத் தழுவிச் செல்லும். குன்று குறுக்கிட்டாலும் வளைந்து கடக்கும். அதன் அளவிற்கு முன் ஒரு வீட்டுச் சுவர் ஒரு பொருட்டே அன்று. இக்காலத்துக் கைத்தொலைபேசி அலை அப்படிப்பட்டதன்று. 900 மெகாஹேர்ட்ஸ் அலை 33 சென்ரிமீற்றர் நீளமுடையது. 1800 மெகாஹேர்ட்ஸ் அலை ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். வீட்டுக்குள் ஓடும் வைபை அலை இன்னும் சிறியது: ஒருவகை 12 சென்ரிமீற்றர், மற்றொருவகை 6 சென்ரிமீற்றர் அளவினது. அலை சிறுத்தால் அது கூடுதலான செய்தியைச் சுமக்க இடமுண்டாகிறது. ஆனால் அதன் நடை ஒளியின் நடையை ஒத்துவிடுகிறது. நேராகச் செல்லும், மலைக்குப் பின்னே நிழல் விழும், வழியில் எதிர்ப்பட்டதில் மோதித் தெறிக்கும்.

எதிர்ப்படும் பொருள்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. 1895ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் ஜகதீஸ் சந்திர போஸ் மிகச் சிறிய அலைகளைச் சுவர்களுக்கு ஊடாகச் செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். மரப்பலகை, கண்ணாடி, துணி, மெல்லிய செங்கற்சுவர் ஆகியவற்றை அலை சிறு இழப்போடு கடந்துவிடும். தடித்த கருங்கற்சுவரும் கொங்கிறீற்றும் அலையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். சுவர் ஈரமாயின் இழப்பு இன்னும் மிகும். உலோகத் தகடோ அலையை உள்ளே விடுவதே இல்லை; கண்ணாடி ஒளியைத் திருப்புவதுபோல் திருப்பி அனுப்பிவிடும்.

இப்பொழுது ஒரு பழைய லயத்தை நோக்குக. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்கள் வரிசையாக நிற்கின்றன. பல இடங்களில் இரு வரிசைகள் நடுச்சுவர் ஒன்றால் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கின்றன. சுவர் கல்லாலோ செங்கல்லாலோ ஆனது. மேலே தகரக் கூரை. முன்னே ஒரு கதவும் சிறு சாளரமும். கோபுரம் உயர்ந்த முகட்டில் நிற்க, லயம் சரிவிலே தாழ்ந்திருந்தால், மேலிருந்து இறங்கும் அலை முதலில் தகரத்தில் மோதித் திரும்பிவிடுகிறது. உள்ளே வருவதற்கு அதற்குள்ள வழி கதவும் சாளரமும் கூரைச்சாய்ப்பின் இடைவெளியுமே. கோபுரத்தை நோக்கிய வரிசைக்கு அந்த வழி திறந்திருக்கிறது. எதிர்ப்புறம் நோக்கிய வரிசைக்குக் கூரையும் நடுச்சுவரும் தடையாகின்றன. முன்காம்பராவில் கிடைப்பது பின்காம்பராவில் கிடையாமற் போவதன் காரணம் இதுவே. தொலைபேசியில் குற்றமில்லை, வீட்டின் அமைப்பில் இருக்கிறது.

வெளியிலிருந்து வரும் அலை குன்றியிருந்தால், முதலில் அதன் வலிமையை எண்ணால் அளந்துகொள்ள வேண்டும். திரையில் தோன்றும் கோடுகளை நம்பிப் பயனில்லை. ஒரு நிறுவனத்தின் கருவியில் மூன்று கோடாவது மற்றொன்றில் இரண்டாக இருக்கும். அன்ட்ராய்டு தொலைபேசிகள் பலவற்றில் ‘தொலைபேசியைப் பற்றி’ என்னும் பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் அலையின் வலிமை ஓர் எண்ணாகத் தெரியும். இணையப் பெட்டியின் அமைப்புப் பக்கத்திலும் அது தெரியும். அதன்முன் கழித்தற்குறி இருப்பதால் எண் சிறிதாயின் அலை வலியது. 4ஜி அலைக்கு -80 என்பது மிக நன்று, -95 போதுமானது, -110ஐத் தாண்டினால் இணைப்பு அறுந்தறுந்து போகும். மூன்று எண் குறைந்தால் அலையின் வலு பாதியாகிறது. பத்து எண் குறைந்தால் பத்திலொன்றாகிறது. ஆகவே -105இலிருந்து -95க்கு வருதல் சிறு முன்னேற்றம் அன்று; பத்து மடங்கு முன்னேற்றம்.

அந்த எண்ணைப் பார்த்தவாறே வீட்டைச் சுற்றி வரவேண்டும். ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நின்று குறித்துக்கொள்ள வேண்டும். இஸ்தோப்பின் இரு மூலைகள், சாளரத்தின் ஓரம், கூரைச்சாய்ப்பின் கீழ், அடுக்களை வாயில் ஆகிய இடங்களைத் தவறவிடலாகாது. அலை சிறியதாகையால் ஓர் அடி நகர்ந்தாலும் எண் மாறும். சில வேளைகளில் கோபுரத்தை நோக்கிய பக்கத்தைவிட, எதிர்மலையின் பாறைச்சரிவை நோக்கிய பக்கத்தில் அலை வலுத்திருக்கக் காணலாம். பாறையில் மோதித் திரும்பும் அலை அங்கு வந்து சேர்வதே காரணம். கண்ணுக்குத் தோன்றுவதை நம்பாது எண்ணை நம்பவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இவ்வித்தை மலைநாட்டாருக்குப் புதியது அன்று. 1982ஆம் ஆண்டில் ரூபவாஹினி தேசியத் தொலைக்காட்சி தொடங்கியபோது, 2524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகால மலையுச்சியில் அதன் ஒளிபரப்புக் கோபுரம் நின்றது. அக்காலத்தில் கூரைமேல் கம்பம் நட்டு, மீன்முள் போன்ற அன்டெனாவை ஒருவர் சிறிது சிறிதாகத் திருப்ப, உள்ளிருந்து மற்றொருவர் “தெளிஞ்சிருச்சு, நிறுத்து!” என்று குரல் கொடுத்ததைப் பெரியவர்கள் மறந்திரார். இன்று செய்ய வேண்டுவதும் அதுவே. படத்தின் தெளிவிற்குப் பதிலாக எண்ணின் தெளிவைப் பார்க்க வேண்டும்.

நல்ல இடம் அகப்பட்டதும் இணையப் பெட்டியை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் மின்செருகி எங்கே உண்டோ அங்கேதான் பெட்டி இருக்கிறது. அது பெரும்பாலும் தொலைக்காட்சியின் பின்புறம் அல்லது இரும்பு அலுமாரியின் மேல். பெட்டி செருகியைத் தேடிப் போகக்கூடாது. செருகி பெட்டியைத் தேடி வரவேண்டும். நல்ல தரமான மின்நீட்சி ஒன்றை வாங்கிச் சாளரத்தருகே கொணர்வதற்கு ஆகும் செலவு சிறிதே. மழைச்சாரல் படாமலும் பிள்ளைகளின் கை எட்டாமலும் வைத்தல் வேண்டும்.

இதனாலும் போதாதெனின், வெளியே பொருத்தும் திசை அன்டெனா உதவும். பெட்டியில் அதற்கான துளை உண்டா என்று முதலிற் பார்க்க வேண்டும். எல்லாப் பெட்டிகளிலும் அஃதில்லை. அன்டெனாவைத் தகரக் கூரைக்கு மேலே உயர்த்திக் கோபுரத்தை நோக்கித் திருப்பினால் கூரை என்னும் தடை நீங்கிவிடுகிறது. ஆனால் அன்டெனாவிலிருந்து பெட்டிக்கு வரும் கம்பி நீளநீள அலை வழியிலேயே கரையும்; ஆகவே கம்பியைச் சுருக்கிப் பெட்டியை அருகில் வைத்தல் அறிவுடைமை.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மலைநாட்டின் பிற்பகல்கள் இடிமின்னலுக்குப் பேர்போனவை. கூரைக்கு மேல் உயர்ந்த உலோகக் கம்பம் மின்னலை வீட்டுக்குள் அழைக்கக் கூடும். கம்பத்தை முறைப்படி நிலத்தோடு இணைக்கத் தெரிந்த மின்னியலாளர் ஒருவரைக் கொண்டே அதனை நிறுவ வேண்டும். இடி கேட்கத் தொடங்குவதற்கு முன்னரே பெட்டியின் மின்செருகியையும் அன்டெனாக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். இடி முழங்கும்போது அவற்றைத் தொடலாகாது.

கடைகளில் ‘பூஸ்டர்’ என்று விற்கப்படுபவற்றில் ஒருவகை, கோபுரத்தின் அலையைப் பிடித்துப் பெருக்கி மீண்டும் வானில் வீசும் கருவி. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியின்றி அதனை நிறுவுதல் சட்டத்திற்கு மாறானது. சட்டம் ஒருபுறமிருக்க, சீரற்ற கருவி எழுப்பும் இரைச்சல் கோபுரத்தின் காதை அடைத்துவிடும். ஒரு வீட்டின் நலத்திற்காக ஒரு பிரிவு முழுவதும் அலையை இழக்க நேரும். தொலைபேசியின் முதுகில் ஒட்டும் பொன்னிறத் தாள்களால் பயன் ஏதுமில்லை.

பனிமூட்டம் இறங்கினால் அலை போய்விடுகிறது என்பது பரவலான நம்பிக்கை. கைத்தொலைபேசி அலைக்குப் பனிமூட்டம் ஒரு தடையே அன்று. மழைத்துளியும் அதனை அதிகம் வருத்தாது. மழையில் நனைந்த இலைகள்தாம் வருத்தும். வீட்டிற்கும் கோபுரத்திற்கும் இடையே அடர்ந்த சவுக்கோ யூக்கலிப்டஸோ நின்றால், நனைந்த நாளில் அலை குன்றும். அதனினும் பெரிய காரணம் மின்தடை. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால், கோபுரம் சில மணிநேரமே மின்கலத்தில் நிற்கும். வானத்தைப் பழிப்பதற்கு முன் மின்சாரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி வீட்டுக்குள் நிகழும் குறும்பயணத்தைக் காண்போர்க்குச் சில செய்திகள் பயன்படும். அறைக்குள் வீசப்படும் அலை ஒரே கோட்டிற் செல்வதில்லை. சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறித்துப் பல எதிரொலிகளாகித் தொலைபேசியை வந்தடைகிறது. தகரக் கூரை வீட்டில் இவ்வெதிரொலி மிகுதி. ஒன்று மற்றொன்றோடு குழம்பாமற் செய்தியைப் பிரித்தெடுப்பது எவ்வாறு என்பது நெடுநாட் சிக்கலாக இருந்தது. வான மண்டல அலைகளை ஆராய்ந்து பழகிய ஜோன் ஓசல்லிவனும் அவருடைய தோழர்களும் அவுஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கு ஒரு வழி கண்டு, 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். இன்றைய வைபையின் வேகத்திற்கு அது பெரிதும் துணை செய்தது. எதிரொலி இப்பொழுது பகை அன்று, அடைப்பே பகை.

ஆகவே பெட்டியை அடைத்து வைத்தல் ஆகாது. அலுமாரிக்குள்ளும் தொலைக்காட்சியின் பின்னும் நிலைக்கண்ணாடியின் அருகிலும் தரையிலும் அதனை வைத்தல் கூடாது. நிறைகுடங்களும் தண்ணீர்த் தொட்டியும் அலையை உறிஞ்சும். ஆள் உயரத்தில், திறந்த இடத்தில், அறைகளுக்கு இடையிலுள்ள வாயிலுக்கு நேராக வைத்தல் நன்று. கல்லைத் துளைத்துச் செல்லாத அலை கதவு வழியாக நடந்து செல்லும். வைபையின் இருவகை அலைகளுள் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரைக் கடப்பதில் வலியது, வேகத்தில் குறைந்தது. 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகம் மிக்கது. சுவருக்கு முன் தோற்றுவிடும். பெட்டி இருக்கும் அறையில் படிக்கும் பிள்ளை பின்னதையும், அடுக்களையில் இருப்பவர் முன்னதையும் பயன்படுத்துவது தக்கது.

வெளி அலைக்கு ஏற்ற இடம் இஸ்தோப்பாகவும், பிள்ளை படிக்கும் இடம் உள்ளறையாகவும் இருந்தால் என் செய்வது? இரண்டிற்கும் நடுவே கம்பியை விடுவதே சிறந்த மருந்து. கணினிகளை இணைக்கும் ஈதர்நெற் கம்பி 100 மீற்றர் தூரம்வரை குறைவின்றிச் செய்தியைக் கொண்டுசெல்லும். கல்லும் தகரமும் அதற்குத் தடையல்ல. கம்பியின் மறுமுனையில் பழைய ரௌட்டர் ஒன்றை வைத்து, அதனை அலைவழங்கியாக அமைத்தால் உள்ளறையிலும் முழு வலிமை கிடைக்கும். கம்பிக்கு வழியில்லாவிடின் வைபை நீட்டி ஒன்றை வைக்கலாம். ஆனால் அலை கிடையாத மூலையில் அதனை வைப்பது பெரும் பிழை. இல்லாத அலையை அது எங்ஙனம் நீட்டும்? அலை நன்றாக எட்டும் பாதி வழியிலேயே அது நிற்க வேண்டும். வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலையிலாகையால் சாதாரண நீட்டியில் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பதையும் அறிந்தே வாங்க வேண்டும்.

லயத்திற்கே உரிய இன்னுமொரு சிக்கல் உண்டு. பன்னிரண்டு காம்பராக்கள் உள்ள லயத்தில் எட்டு வீடுகளில் இணையப் பெட்டி இருந்தால், எட்டுப் பேர் ஒரே அறையில் ஒருங்கே உரக்கப் பேசுவதை அது ஒக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் பரப்பில் பல தடங்கள் எண்ணிட்டுக் காட்டப்பட்டாலும், ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. முதற்காம்பரா 1ஐயும், அடுத்தது 6ஐயும், அதற்கடுத்தது 11ஐயும், நான்காவது மீண்டும் 1ஐயும் எடுத்துக்கொண்டால் பூசல் தணியும். பின்வரிசையார் முன்னிருப்பவரின் எண்ணைத் தவிர்த்து வேறோர் எண்ணைக் கொள்ளவேண்டும். இதற்கு வேண்டுவது பணமன்று. அயலவரோடு ஒரு மாலை நேரப் பேச்சு. பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கத் தெரிந்த உயர்தர மாணவர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் லயம் முழுவதற்கும் இதனைச் செய்து முடிக்கலாம்.

நெரிசலுக்கு வீட்டில் மருந்து இல்லை, பழக்கத்தில் உண்டு. பாடக்காணொளிகளையும் வினாத்தாள்களையும் விடியற்காலையில் இறக்கி வைத்துக்கொண்டு மாலையில் படிக்கலாம். மின்தடைக்குச் சிறு மின்கலப் பெட்டியொன்று உதவும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் நின்ற காலத்தில் அதன் அருமை பலருக்குப் புலப்பட்டது. ஆயினும் கோபுரமே வீழ்ந்தால் எந்தப் பெட்டியும் பயன்படாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையால் மலைநாடெங்கும் மண்சரிவுகள் நேர்ந்தபோது, வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அறுந்த ஊர்கள் பல. மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒன்று வீட்டில் இருத்தல் அத்தகைய இரவுகளுக்கு நல்ல காவல். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை எந்த வழியிலாயினும் வந்து சேரவேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்து, எண் -115க்கு மேல் ஏறாத வீடுகளும் உண்டு. அங்கே மலையே குறுக்கே நிற்கிறது. அது வீட்டாரின் குறையன்று. வீட்டார் செலவிட்டுத் தீர்க்கக் கூடியதும் அன்று. புதிய கோபுரமோ கண்ணாடியிழைக் கம்பியோ அங்கு வரவேண்டும். தோட்ட நிலங்களின் நிருவாகம் 1992ஆம் ஆண்டில் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டமையால், இடம் பெறுவதற்குக் கம்பனியின் இசைவு வேண்டும். தோட்டக் குடியிருப்புகளிலும் பிரதேச சபைகள் பணியாற்ற 2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழி திறந்தது. ஆகவே கேட்க வேண்டிய வாயில்கள் மூன்று: தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, பிரதேச சபை, தோட்ட நிருவாகம். ‘அலை இல்லை’ என்ற ஒரு வரி முறைப்பாடு எளிதில் ஒதுக்கப்படும். எந்தப் பிரிவில், எந்த லயத்தில், எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த நிறுவனத்தின் அலை எத்தனை எண் காட்டியது என்று இருபது வீடுகளின் அட்டவணையோடு செல்லும் மனுவை ஒதுக்குதல் எளிதன்று. வீட்டைச் சுற்றி நடந்து குறித்த அந்த எண்களே இப்பொழுது சான்றாகின்றன.

கூட்டு முயற்சிக்கு மலைநாடொன்றே முன்மாதிரி காட்டியிருக்கிறது. நேபாளத்தின் நாங்கி என்னும் மலைக்கிராமத்தில் ஆசிரியர் மகாபீர் புன், 2002ஆம் ஆண்டளவில் சாதாரண வைபைக் கருவிகளையும் திசை அன்டெனாக்களையும் கொண்டு, முகடுவிட்டு முகடு அலையைத் தாவச் செய்து பொக்காரா நகரத்தின் இணையத்தைத் தம் ஊருக்குக் கொணர்ந்தார். முதற்காலத்தில் அன்டெனாக்கள் மரங்களிலேயே கட்டப்பட்டிருந்தன. பின்னர் பல கிராமங்களுக்கு அவ்வலை பரவியது. 2007ஆம் ஆண்டில் அவருக்கு மக்சேசே விருது வழங்கப்பட்டது. இலங்கையில் 2025 ஜூலை முதல் ஸ்டார்லிங்க் நிறுவனத்தின் செய்மதி இணையமும் கிடைக்கிறது. அதற்குக் கோபுரம் வேண்டியதில்லை. திறந்த வானம் போதும். பெருமழையின்போது மட்டும் அது சிறிது தளரும். தனியொரு தொழிலாளர் குடும்பத்திற்கு அதன் விலை எட்டாதது. ஆயினும் ஒரு பாடசாலையோ சனசமூக நிலையமோ நிறுவனத்தின் நிபந்தனைகளுக்கு அமைய அதனைப் பெற்று, மாலையில் பிள்ளைகள் வந்திருந்து படிக்க ஓர் அறையைத் திறந்து வைத்தல் எட்டாததன்று.

ஆகவே செய்ய வேண்டுவனவற்றை வரிசைப்படுத்திக் கொள்ளலாம். முதலில் பெட்டியருகில் நின்று குற்றம் உள்ளேயா வெளியேயா என்று அறிக. அடுத்து எண்ணைப் பார்த்தவாறு வீட்டைச் சுற்றி வந்து, பெட்டியை நல்ல இடத்திற்கு மாற்றுக. பின்னர் வேண்டுமாயின் கம்பியிட்டு உள்ளறைக்குக் கொணர்க. அயலவரோடு தடங்களைப் பங்கிட்டுக் கொள்க. இவற்றின் பின்னரே அன்டெனாவிற்குப் பணம் செலவிடுக. எல்லாம் செய்தும் மலை மறைத்தால், குறித்து வைத்த எண்களோடு லயத்தார் அனைவரும் ஒன்றுசேர்ந்து மனுக் கொடுப்பாராக. பின்வரிசைக் காம்பராவில் படிக்கும் பிள்ளைக்கும் முன்வரிசைப் பிள்ளைக்கும் வருவது ஒரே பரீட்சை, ஒரே வினாத்தாள்.